மெஷின் இருக்கிற பக்கம்

அந்த ஜன்னல் கண்ணாடியக் கொஞ்சம் இழுத்துச் சாத்தறீங்களா தம்பி? எனக்காக இல்லீங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது. நாப்பது வருசம் ஜல்லி கிரசர்ல சூப்ரவைசரா நின்னவன் நானு. அங்க முன்னால, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல பச்சைச் சேலை கட்டிட்டு ஒண்ணு உக்காந்திருக்குது பாருங்க, அது எங்கூட்டுக்காரி. பூவாத்தான்னு பேரு. இங்க ஒரு ஜன்னலத் தொறந்தாலும் தூசி பஸ்ஸு பூராச் சுத்தி அவகிட்டத்தான் போயி நிக்குமுங்க. தேடிட்டுப் போறாப்பல போகும். ஊரத் தாண்டற வரைக்கும்தான். பாலம் வந்துட்டா நானே தொறந்து உடறேன்.

இந்தப் பை என்ற மடியிலயே இருக்கட்டுங்க. மேல வெச்சா அமுங்கிப் போயிரும்.

நீங்க கடைசி ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு. நாங்க நடுவால எறங்கிக்குவோம், ஆராய்ச்சிப் பண்ணை ஸ்டாப்புல. ஆமாங்க, அந்த நெல்லு, பருத்தி விதையெல்லாம் போட்டுப் பாப்பாங்களே, அதுதான். அங்க சொந்தக்காரங்க யாருமில்லீங்க. வேலையும் இல்ல. ஒரு மெஷின் இருக்குது. அதப் பாக்கத்தான் போறோம். நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க, எல்லாரும் சிரிக்கறதுதான்.

காத்துல தூசி எத்தனை இருக்குதுன்னு பாக்கற மெஷினாமுங்க. அது அவங்க சொல்றது. நான் சொல்றது வேற. அரிசி டின்னு ரண்டை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, மேல ஒரு தகரக் கூரை போட்டாப்பல இருக்கும். கல்யாண ஊட்டுல கிரைண்டர் ஓடுமே, அந்தச் சத்தம் வரும். அஞ்சு வருசம் என்ற ஊட்டு மொட்டை மாடியிலதான் ஓடுச்சு. என்ற ஊட்டு மாடியில! இப்ப அங்க நாலு போல்ட்டு மட்டும் துருப்புடிச்சு நிக்குது.

எங்க ஊடு லாரி ரோட்டு மேலயே இருக்குதுங்க. குவாரிக்குப் போற ரோடு. ரோட்டு மேல மனை கெடைக்கறதுன்னா சும்மாங்களா? பூவாத்தாளுக்கு அவங்கப்பன் குடுத்த வெள்ளாமைக் காடு ஒண்ணு இருந்துச்சு, கெணத்தோட. அங்கயே ஓட்டு ஊடாக் கட்டிக்கலாம்னு அவ சொன்னா. காட்டுக்குள்ளாற கட்டுனா எவன் பாக்கறது? அத வித்துப்போட்டுத்தான் ரோட்டு மேல மாடி ஊடு கட்டுனேன். பஸ்ஸில போறவன் எல்லாம் திரும்பிப் பாப்பான். ரோஸ் கலரு. இப்ப ரோஸ் தெரியாதுங்க, மண்ணு அப்பிக் கெடக்குது. ஆனாலும் உள்ளுக்குள்ள ரோஸ்தான்.

அந்த ஊட்டுக்கு வந்து ரண்டு மூணு வருசத்துல இவளுக்கு எரைப்பு வந்துருச்சு. அவங்கம்மாளுக்கும் இருந்திருக்கும், யாரு கண்டா. ராத்திரியும் பகலும் ஒக்காந்துட்டே மூச்சு இழுப்பா. டாக்டரு பம்ப்பு எழுதிக் குடுத்தாரு, வாயில வெச்சு உறிஞ்சறது. அப்பறம், எடத்த மாத்துங்கன்னாரு. மாத்தாம இருப்பனா? கட்டல எடுத்து வடக்கால போட்டேன். தெக்கால தலை வெச்சுப் படுக்கச் சொன்னேன். ரோட்டுப் பக்க ரூமுல இருந்து சமையக்கட்டுப் பக்கம் மாத்துனேன். ஒண்ணுத்துக்கும் கேக்கல.

அவளுக்கு எரைப்பு எத்தனை இருக்குதுன்னு எனக்கு ஒரு கணக்கு உண்டுங்க. அவ என்னைத் திட்டறத வெச்சுச் சொல்லிருவேன். நல்லா இருந்த காலத்துல, ஆரம்பிச்சான்னா எங்க பாட்டன் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பி வருவா. ஒரே மூச்சுல. அப்பறம் கொறைஞ்சு போச்சு. "ஏனுங்க, உங்களுக்கு..."ன்னு எடுப்பா. அங்கயே நின்னு போயிரும். மிச்சத்த நானே நெனச்சுக்கோணும். சண்டை போட ஆளில்லாத ஊடு ஊடுங்களா? பூட்டுன கடையாட்ட இருந்துச்சு.

அப்பத்தான் இந்த மெஷினு வந்துச்சு. ஆபீஸ் பேரெல்லாம் வேண்டாமுங்க, நமக்கெதுக்கு. ரோட்டோரமா, மாடி வெச்ச ஊடா, கரண்டு ஒழுங்கா இருக்கற எடமாப் பாத்துட்டு வந்தாங்க. ஊரு முழுக்க எல்லாரும் சத்தம் வரும்னு வேண்டாம்னுட்டாங்க. நான் சரின்னேன். வாரத்துக்கு ரண்டு நாள் ஓடும். மெஷினுக்குள்ள வெக்கற பேப்பர மாத்த ஒரு புள்ளை வரும், இசக்கியம்மான்னு, திருநெல்வேலிப் பக்கம். பொழுதுக்கும் ஏறி எறங்கும் பாவம். என்னை "அண்ணாச்சி"ன்னு கூப்புடும். நான் "அம்முணி"ன்னு கூப்புடுவேன்.

முதல் நாளு அந்தப் புள்ளை வெள்ளை வெளேர்னு ஒரு பேப்பரை உள்ள வெச்சுச்சு. மெஷின் காத்த உறிஞ்சுச்சு. பொழுது சாயப் பேப்பரை வெளிய எடுத்தா, தம்பி, அடுப்புக்கரியத் தேச்சாப்பல கறுப்பு! நான் அசந்து போயிட்டேன். அத்தனையும் எங்க காத்துல இருந்த அழுக்கு. அத அது உறிஞ்சி எடுத்து வெச்சிருக்குது. அப்ப மிச்சக் காத்து சுத்தமாத்தானே வெளிய போவோணும்? நீங்களே சொல்லுங்க.

"அப்படி இல்ல அண்ணாச்சி, இது சுத்தம் பண்ணுத மெஷின் இல்ல, அளக்குத மெஷின்"னு அது சொல்லுச்சு. நான் ஒத்துக்கல. "இது தெர்மாமீட்டர் மாதிரி அண்ணாச்சி. காய்ச்சல் எவ்ளவுன்னு சொல்லும். காய்ச்சல எறக்காது"ன்னுச்சு. நான் கேட்டேன்: "அம்முணி, தெர்மாமீட்டர் காய்ச்சல உறிஞ்சுதா? இது உறிஞ்சுதே?"  அந்தப் புள்ளை தலையில கைய வெச்சுட்டுச் சிரிச்சுச்சு.

அன்னைக்கே பூவாத்தா கட்டல மாடி ரூமுக்கு ஏத்துனேன். மெஷினுக்கு நேர் கீழ. ஏற முடியாதுன்னா. புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

முதல்ல ஒண்ணும் தெரியல. அப்பறம்தான் வேலை செய்ய ஆரம்பிச்சுது. எப்படீன்னு கேக்கறீங்களா? எங்க ஊருத் தூசி அளவுக்கு மேல இருக்குது, எறக்கியே ஆவோணும்னு மேல இருந்து உத்தரவு. உடனே முனிசிபாலிட்டித் தண்ணி லாரி வந்துச்சு. காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, எங்க ஊட்டுக்கு முன்னால ரோட்ட நனைக்கறது. அடுத்த தெருவுக்குப் போவாது, எங்க ஊட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம், அவ்வளவுதான். எதிர்த்தாப்பல குப்பையக் கொளுத்துவாங்களே, அத நிறுத்தீட்டாங்க. டிப்பர் லாரியெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடோணும். அப்பறம் லாரிகளையே பைபாஸ்ல திருப்பி உட்டுட்டாங்க. எங்க ரோட்டுல சைக்கிள்காரன் விசில் அடிச்சுட்டுப் போறான் தம்பி! அதையெல்லாம் அந்த மெஷினு பண்ணுச்சு. அது இல்லாட்டி அவங்க பண்ணியிருப்பாங்களா?

பூவாத்தா தேறுனா. என்ற கண்ணு முன்னால தேறுனா. படி ஏறுனா. துணி காயப் போட்டா. ஒரு நாள் நான் செருப்போட மாடிக்குப் போயிட்டேன். ஆரம்பிச்சா பாருங்க. செருப்புல ஆரம்பிச்சு, கலியாணத்துல எங்கக்கா அவளுக்குக் கருப்பட்டிக் காப்பி குடுத்ததுல வந்து நிறுத்துனா. ஒரே மூச்சுல, எடையில நிக்காம. நான் செருப்பக் கையில புடிச்சுட்டு அப்படியே நின்னுட்டேன். இன்னொருக்காத் திட்டுன்னேன். பைத்தியம்னு சொல்லிப்போட்டுக் கீழ போயிட்டா.

அந்த வருசந்தான் மண்டபத்துல விழா வெச்சாங்க. மாநில அளவுல காத்து எப்படி இருக்குதுன்னு பெரிய திரை போட்டுக் காட்டுனாங்க. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோடு. எல்லாக் கோடும் எறங்கிட்டே வருது. நம்ம மாநிலமே எறங்கிட்டு வருதுன்னு அதிகாரி சொன்னாரு, எல்லாரும் கை தட்டுனாங்க. செவப்புல ஒரு கோடு படுக்க வெச்சிருந்தாங்க, அதுதான் தர அளவாம். எங்க ஊருக் கோடு மேல இருந்து நல்லா வேகமா வந்து, செவப்பத் தொடறாப்பல வந்து, அங்க நின்னுச்சு. இன்னும் ஒரு வருசம், கீழ போயிரும்னாங்க. மெஷினுக்கு எடம் குடுத்தவன்னு என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துனாங்க. நான் எறங்கி வந்து அத இவ தோள்ல போட்டேன். அத்தனை பேர்த்துக்கு முன்னால. அவளுக்கு வெக்கம் வந்துருச்சு.

கோடு கீழ எறங்கீட்டா இவளுக்குப் பூராக் கொணமாயிரும்னு நெனச்சனுங்க. நான் மட்டுமா நெனச்சேன்? மேடையில அதானே சொன்னாங்க, மக்கள் ஆரோக்கியம்னு.

பாலம் வந்துருச்சு. இப்பத் தொறங்க தம்பி. நல்லாத் தொறங்க.

அப்பறம் ஆயுத பூசை வந்துச்சு. இதத்தான் நான் யாருகிட்டச் சொன்னாலும் ஆத்தாமையாப் போவுது எனக்கு. கிரசர்ல இருந்த நாப்பது வருசமும் ஒரு மெஷின உடமாட்டேன். ஜல்லி ஒடைக்கற மெஷின்ல இருந்து தண்ணி மோட்டாரு வரைக்கும் கழுவி, சந்தனம், குங்குமம் வெச்சு, மாலை போட்டு. சோறு போடற மெஷினுக்கு ஒரு நாள் மரியாதை பண்றதில்லையா? பொண்டாட்டிக்கு உசுரு குடுத்த மெஷினுக்குப் பண்ணாம உடுவனா?

அந்த வருசம் ஓடற நாளும் பூசையும் ஒண்ணா வந்துருச்சு. நல்ல சகுனம்னு நெனச்சேன். காலையிலயே மெஷினத் தொடச்சுப் பொட்டு வெச்சு, ரண்டு பக்கமும் வாழைக் கன்னு கட்டிட்டேன். தூபக்கால்ல தேங்காத் தொட்டிக் கங்கு போட்டு, மேல ஒரு கை சாம்பிராணி. நம்ம பழைய கிரசர் ஓனருக்குப் போன் போட்டேன்: "மொதலாளி, இந்த வருசம் வண்டியெல்லாம் நம்மூட்டு முன்னால கொண்டாந்து நிறுத்துங்க, ஒண்ணாவே பூசையப் போட்டுருவோம்." பாவம் மொதலாளி, ஒரு சொல்லுக்கு மறு சொல்லு சொல்லாம அனுப்பி வெச்சாரு. எங்க ஊட்டு முன்னால இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் டிப்பரு. மாலையும் பலூனுமா, தேரு நிக்கறாப்பல இருந்துச்சு. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். பூசணிக்காய ஒடைச்சதும் எல்லா வண்டியும் ஒண்ணா ஸ்டார்ட் பண்ணி உருமுச்சு பாருங்க, மாடியே அதிர்ந்துச்சு.

நான் மாடியில நின்னு மெஷினுக்குத் தீவாரணை காட்டறேன். சாம்பிராணிப் பொகை இருக்குதுல்லீங்க, அது அங்க இங்க போகல. நேரா மெஷினுக்குள்ள போச்சு. நான் பாத்தனுங்க. அப்படியே உள்ள இழுத்துக்குச்சு. சாமி ஏத்துக்கிட்டாப்பல இருந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பூவாத்தா மட்டும் மேல வரல. படிக்கட்டுல பாதியில உக்காந்து இருமிட்டு இருந்தா. அவளுக்கும் நல்லதாச்சேன்னு தூபக்கால எடுத்துட்டுப் போயி அவளச் சுத்தியும் ரண்டு சுத்து காட்டிட்டு வந்தேன். சாம்பிராணி சளிக்கு நல்லதுங்கல்ல.

பொழுது சாய இசக்கியம்மா பேப்பர் மாத்த வந்துச்சு. வாழைக் கன்னப் பாத்துச்சு. தூபக்காலப் பாத்துச்சு. பேப்பரை வெளிய எடுத்துப் பாத்துட்டு அப்படியே படியில உக்காந்துருச்சு. தாரு ரோட்ட வெட்டி எடுத்தாப்பல இருந்துச்சு அந்தப் பேப்பரு.

"அண்ணாச்சி, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"பூசைதான் அம்முணி. பொரி கடலை இருக்குது, எடுத்துக்க"ன்னு ஒரு தட்டு குடுத்தேன். அத மடியில வெச்சுட்டுத் திங்காம உக்காந்திருந்துச்சு. பாவம், வேலைக்கு ஏதும் ஆயிருமோன்னு பயந்துருச்சுன்னு பின்னாலதான் தெரிஞ்சுது.

அடுத்த வாரமே ஜீப்பு வந்துச்சு. மூணு பேரு. இன்னும் கொஞ்ச நாள்ல வருசக் கணக்கு முடியுது, செவப்புக் கோட்டத் தொடறாப்பல வந்த நேரத்துல இப்படி ஒரு நாள் வந்தா சராசரி ஏறிரும்னாங்க. "அந்த ஒரு நாளத் தள்ளிருங்க சார்"னேன். அப்படித் தள்ள முடியாதாம். "சாமி கும்புட்டது தப்பா சார்?"னு கேட்டேன். தப்புன்னு ஒருத்தரும் சொல்லல. தப்புன்னு சொல்லீருந்தா நான் ரண்டு வார்த்தை பேசியிருப்பேன். ரோட்டுக்கு இத்தனை கிட்டத்துல மெஷின் இருக்கறதே விதிப்படி சரியில்லைன்னாங்க. வெக்கறப்ப ரோட்டோரம் வேணும்னு தேடிட்டு வந்தவங்க இவங்கதான். தூரத்த டேப்பு வெச்சு அளந்தாங்க. நான் டேப்போட இன்னொரு முனையப் புடிச்சு நின்னேன். புடிங்கன்னு குடுத்தாங்க, புடிச்சேன்.

அப்பறம் ஒரு நாள் நாலு ஆளு வந்து கழட்டி எறக்கீட்டாங்க. பூவாத்தா மாடி ரூமு ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தா. இந்தப் பண்ணையில, நெல்லுக்கும் தென்னைக்கும் நடுவால, ஒரு தூசி இல்லாத எடத்துல கொண்டு போயி வெச்சுட்டாங்க, எங்க ஊருக் கணக்குக்குத்தான். அங்க எதுக்குங்க அது? சோறு திங்கறவனுக்கே மறுபடி சோறு போடறாப்பல.

மெஷின் போச்சு. தண்ணி லாரி அடுத்த நாளே நின்னுருச்சு. ஒரு வாரம் பாத்தேன், வரல. டிரைவரைக் கேட்டேன். "அங்கதான் இப்ப மெஷின் இல்லியேண்ணா"ன்னான். அவன் சொன்னான் பாருங்க, மெஷினாலதான் எல்லாம்னு படிச்சவங்க யாரும் ஒத்துக்கலை, ஆனா அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. அப்பறம் குப்பையக் கொளுத்துனாங்க. அப்பறம் டிப்பரு திரும்பி வந்துச்சு. பைபாஸ்ல போனா சுத்துங்கறாங்களே, டீசல் யாரு குடுப்பாங்க? மொதலாளியத் தப்பு சொல்ல முடியாது.

இவளுக்குத் திரும்பவும் ஆரம்பிச்சுது. இந்தத் தடவை முன்ன மாதிரி இல்ல. பம்ப்பு கேக்கல. ஆஸ்பத்திரியில மூக்குக்கு மூடி மாட்டி மருந்துப் பொகை குடுத்தாங்க. அப்படி ஒரு காலையில அவ பக்கத்துல உக்காந்து நியூஸ் பேப்பர் படிச்சுட்டு இருக்கறேன், எங்க ஊரு பேரு வந்திருக்குது. தர அளவுக்குள்ள வந்த ஊருங்கள்ள ஒண்ணு. எனக்குச் சந்தோசம் தாங்கல. இருக்காதுங்களா, அஞ்சு வருசம் நம்ம மாடியில ஓடுன மெஷினு. "பூவாத்தா, நம்மூரு பாஸாயிருச்சு!"ன்னு சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். அவ மூடியக் கொஞ்சம் தூக்கி, "ரொம்ப..."ன்னா. அவ்வளவுதான் வந்துச்சு. நர்ஸம்மா வந்து மூடிய வெச்சு அமுத்திட்டுப் போயிருச்சு. ரொம்ப சந்தோசம்னு சொல்ல வந்திருப்பா.

ஆபீஸுக்குப் போனேன். மனு குடுத்தேன். அதிகாரி நல்ல மனுசன், உக்காருங்கன்னாரு. கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தக் கோட்ட எனக்குக் காட்டுனாரு. செவப்புக்குக் கீழ, நல்லாக் கீழ போயிருச்சு. "பாருங்கய்யா, உங்க ஊரு காத்து எப்பவும் இல்லாத அளவுக்கு நல்லா இருக்குது"ன்னாரு. நானும் பாத்தேன். கோடு கீழதான் இருக்குது. கண்ணால பாக்கறத இல்லைன்னு சொல்ல முடியுமா? "அப்ப எங்கூட்டுக்காரிக்கு மட்டும் ஏன் சார் மூச்சு வரமாட்டீங்குது?"ன்னேன். அவரு கம்ப்யூட்டரை மறுபடி அவரு பக்கம் திருப்பிக்கிட்டாரு. "இது சராசரிய்யா, ஒருத்தரோட கணக்கு இல்ல. நல்ல டாக்டரைப் பாருங்க"ன்னாரு. டீ சொன்னாரு. குடிச்சேன். அவரு மேல எனக்கு வருத்தமே இல்லீங்க. அவருக்குத் தெரிஞ்சத அவரு சொல்றாரு. எனக்கு யாரு மேல வருத்தப்படறதுன்னே தெரியல தம்பி, அதுதான் கஷ்டம். ஒருத்தன் கெடச்சா நாலு கேள்வி கேக்கலாம். போற எடத்துல எல்லாம் டீ குடுக்கறாங்க.

அப்பறம்தான் எனக்குத் தோணுச்சு. மெஷின் இங்க வரமாட்டீங்குது. நாம மெஷின்கிட்டப் போலாமே?

முதல் நாளு வாட்ச்மேன் உடல. கந்தவேலுன்னு ஒருத்தரு. இவ மூச்சு வாங்கறதப் பாத்துட்டு, சித்த நேரம் உக்காந்துட்டுப் போங்கன்னுட்டாரு. மெஷினுக்குப் பக்கத்துல ஒரு வேப்பமரம். சுத்தியும் வயலு. அங்க ஒரு கல்லு மேல இவள உக்கார வெச்சேன். கொஞ்ச நேரம் போச்சு. தோளு மேலயும் கீழயும் ஏறி எறங்கிட்டு இருந்தது நின்னுச்சு. அப்பறம் ஒரு பெரிய மூச்சு உட்டா. அந்த மூச்சக் கேட்டு எத்தனை நாளாச்சு தெரியுங்களா? அதுல இருந்து வாரா வாரம் வர்றோம். வந்து அது பக்கத்துல உக்காந்துட்டு, சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிருவோம்.

அவ சொல்றா, "ஏனுங்க, மெஷின் இல்லீங்க. இங்க லாரி இல்ல, அவ்வளவுதான்"ங்கறா. இசக்கியம்மாளும் அங்கதான் இப்ப வருது, அதும் அதையேதான் சொல்லுது. ரண்டும் ஒண்ணாச் சேந்துக்குச்சு. போன மாசம் ஒரு நாள் கரண்டு இல்ல, மெஷின் ஓடவே இல்ல. அன்னைக்கும் இவளுக்கு மூச்சு நல்லாத்தான் வந்துச்சு. "பாத்தீங்களா?"ங்கறா. நான் எந்திரிச்சுப் போயி மெஷின் மேல கைய வெச்சுப் பாத்தேன். அப்பறம் சொன்னேன், முந்தின நாள் உறிஞ்சது மிச்சம் இருக்குமில்ல? அவ என்னையவே பாத்துட்டு இருந்தா.  ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தா.

மெஷின்தான் தம்பி. மெஷினா இல்லாம வேற எதுவா இருந்தா நான் என்ன பண்றது? மெஷினுன்னா இன்னொரு மனு குடுக்கலாம். திருப்பிக் கொண்டாந்து வெய்ங்கன்னு கேக்கலாம். லாரியும் ரோடும்னா நான் யாருகிட்டப் போறது? ஊட்டத் தூக்கித் தோள்ல வெச்சுட்டுப் போக முடியுங்களா?

அந்தா, அந்தக் கெணத்து மேட்டப் பாருங்க, பனமரம் தெரியுதா? அதுதான் அவங்கப்பன் குடுத்த காடு. இப்ப யாரோ தக்காளி போட்டிருக்கறாங்க. இவ ஒவ்வொரு தடவையும் இந்த எடம் வந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா, பாருங்க, இப்பவும் திரும்பீட்டா. அங்க ஆடு மேயும். ஆடுன்னா அவளுக்கு உசுரு.

போன வாரம் கெளம்பறப்ப ஒரு வார்த்தை கேட்டா. கல்ல உட்டு எந்திரிக்கல. "ஏனுங்க, ஒரு நாளைக்கு மட்டும் இங்கயே படுத்துக்கட்டுங்களா?"ன்னா. இந்த நாப்பது வருசத்துல என்னைய ஒண்ணும் கேக்காதவ. கேட்டதெல்லாம் முதல்லயே கேட்டு முடிச்சுட்டா. நான் பஸ்ஸு போயிரும், எந்திரின்னேன். எந்திரிச்சுட்டா. ஊட்டுக்கு வந்த பின்னாடி எனக்குச் சோறு எறங்கல. பயமா இருக்குதுங்க தம்பி. அவ அப்படிக் கேட்டதுல இருந்து எனக்குப் பயமா இருக்குது.

பையில என்ன வெச்சிருக்கீங்கன்னு நீங்க பாத்துட்டே வர்றீங்க. தலகாணி. இலவம்பஞ்சுத் தலகாணி, அவ கலியாணத்துக்குக் கொண்டாந்தது. ஒரு போர்வை. அந்தப் பொன்னாடை, காது மூடிக்க ஆவும். பம்ப்பு. கந்தவேலு கையக் கால புடிச்சாவது இன்னைக்கு ஒரு நாளு அந்த மெஷினுக்குப் பக்கத்துல வாட்ச்மேன் ரூமு வராந்தாவுல படுக்க உடச் சொல்லோணும். அவருக்கு மேல ஒரு அதிகாரி இருப்பாரு, அவரு வேண்டாம்னா வேண்டாம்தான். அவளுக்கு இன்னும் சொல்லல. உடாட்டி ஏமாந்து போயிருவா. நாளைக்கு? நாளைக்கு ஊட்டுக்குத்தான் வரோணும். வேற எங்க போறது?

ஸ்டாப்பு வந்துருச்சு. அவ எந்திரிச்சுட்டா பாருங்க. கம்பியப் புடிச்சுட்டுத் திரும்பி என்னையத்தான் பாக்கறா. என்னமோ சொல்றா. "ஏனுங்க, வர்றீங்களா இல்ல..."ங்கறா. அவ்வளவுதானுங்க வருது அவளுக்கு. மிச்சம் எனக்குத் தெரியும். இல்ல அந்தத் தம்பி காதக் கடிச்சுட்டு அப்படியே கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போறீங்களாங்கறா.

வர்றேன் பூவாத்தா, வர்றேன். தம்பி, அந்தக் கண்டக்டரை உடனே விசில் அடிக்க வேண்டாம்னு கொஞ்சம் சொல்லுங்க. அவ மெதுவாத்தான் எறங்குவா.